லத்தீபின் எட்டில் ஒரு பங்கு

லத்தீப் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

இறந்து, நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்துவிட்ட ஒரு மனிதரிடம் சத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனாலும் முனவ்வரா கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவளுடைய புருஷன் லத்தீப் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கிணற்றடியில் தண்ணிப் பம்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையை நீட்டினார். எதையோ காட்டினார். வாய் ஓயாமல் அசைந்தது. ஒரு சொல் கேட்கவில்லை.

எட்டு நிமிடப் படம். எடுத்தவள் முனவ்வராதான். நெஞ்சுப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போக இருந்த லத்தீப், தான் இல்லாத நாளில் பம்பை எப்படி ஸ்டார்ட் பண்ணுவது என்று தோட்டத்தில் வேலை செய்யும் கில்பட்டுக்குக் காட்டுவதற்காகப் படம் எடுக்கச் சொன்னார். அன்றைக்கு அவள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர, அவள் காது அடுப்பில் கிடந்த சோற்றில் இருந்தது. லத்தீப் படத்தைக் கணினியில் ஏற்றினார். ஃபோனில் இடமில்லை என்று அங்கே அழித்தார். கில்பட்டுக்குக் காட்டவில்லை. கொழும்புக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பம்ப் யாருடைய கைக்கும் மசியவில்லை. முந்தல் டவுனிலிருந்து வந்த மெக்கானிக் அதைத் திறந்து பார்த்தார், மூடினார், தேத்தண்ணி குடித்தார். “இது லத்தீப் நானா தன்ட இஷ்டத்துக்குக் கழட்டிப் பூட்டின சாமான். அவர்ட கைக்கு மட்டுந்தான் கேக்கும். புதுசு ஒண்டு போடுங்க” என்றார். புதுசு போடுகிற நிலையில் வீடு இல்லை. மாம்புரி ஊரில் சோளகக் காற்று மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தது. மிளகாய்க் கன்றுகள் இலை சுருண்டு நின்றன. கில்பட் விடிந்ததிலிருந்து இரண்டு வாளிகளோடு கிணற்றுக்கும் பாத்திக்கும் நடந்துகொண்டிருந்தான்.

ஆக, லத்தீப் சொன்னதைக் கேட்டாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

கேட்க விடாமல் தடுத்தது கடல் காற்று. அந்தக் கணினியின் ஒலி எப்போதோ செத்துவிட்டது. ஹெட்செட் குத்துகிற துளையும் பென் ட்ரைவ் செருகுகிற துளையும் உப்புப் பிடித்து அடைத்துப் போயின. இணையத்தில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘உங்கள் கணினி மிகவும் பழையது’ என்று முகத்தில் அடித்தது. அதற்கு உயிர் வருவதே பெரும்பாடு. காலையில் தட்டினால் பகலுக்கு எழும்பும்.

ஆனால் மகள் ஸும்ராவின் லெப்டொப் சுவருக்கு அந்தப் பக்கம், மண்டபத்தில் இருந்தது. அதில் சத்தம் நன்றாக வரும். இரண்டும் ஒரே வைஃபையில்தான் இருந்தன. ஒரு கோப்பு ஒரு சுவரைத் தாண்டினால் போதும்.

“இது ஒரு வேலையா உம்மா?” என்றாள் ஸும்ரா. “இங்க ஃபோல்டரப் பகிரணும், அங்க தொறக்கணும். தேத்தண்ணி ஆற முந்தி முடிஞ்சிரும்.”

தேத்தண்ணி ஆறியது. அடுத்த நாள் தேத்தண்ணியும் ஆறியது. பழைய கணினியில் ஃபோல்டரைப் பகிர்ந்தாள். இரண்டுக்கும் ஒரே குழுப் பெயர் கொடுத்தாள். காவலுக்கு இருந்த மென்பொருளையெல்லாம் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னாள். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய கணினிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். ஒரே மேசை. நடுவில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை வைக்கலாம், அவ்வளவு இடைவெளி. இது அதைப் பார்க்கவில்லை. அது இதைப் பார்க்கவில்லை.

ஸும்ரா கடைசியாகச் சுவரில் தொங்கிய ரௌட்டரைப் பார்த்தாள். அதன் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

‘இது வீட்டுவலை இணக்க அதிகாரசபையின் இலவச அன்பளிப்பு. இதன் கீழுள்ள சாதனங்களைத் தாமாக இணைப்பதும் திறப்பதும் கழற்றுவதும் தண்டனைக்குரிய குற்றமாகும்.’

அதே ஸ்டிக்கர் பழைய கணினியின் முதுகிலும் இருந்தது. லெப்டொப்பின் அடியிலும் இருந்தது. அன்பளிப்புத் தந்த அன்றைக்கு ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

*

“வணக்கம், ஆயுபோவன், அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டுவலை இணக்க அதிகாரசபை. பிணக்கு எந்த வகை?”

“பிணக்கு ஒண்டும் இல்ல” என்றாள் ஸும்ரா. “ரெண்டு கம்ப்யூட்டர் ஒண்டையொண்டு பாக்குதில்ல.”

“அப்ப பிணக்குத்தானே. எவ்வளவு காலமா பாக்குதில்ல?”

“நாங்க இப்பதான் பாக்கச் செஞ்சம்.”

“அதுக்கு முந்தி பாத்திருக்கா?”

“தெரியா.”

“ரெண்டும் ஒரே அறைலயா?”

“வேற வேற அறை. இப்பதான் ஒரே மேசைல வெச்சம்.”

“பிரிஞ்சு வாழுது” என்று மறுமுனை தனக்குத்தானே சொல்லிக்கொண்டே தட்டச்சுச் செய்தது. “வயசு வித்தியாசம் ஏதும் இரிக்கா?”

“ஓம். ஒண்டு சரியான பழசு.”

“அதான் பிரச்சினை. சரி, விண்ணப்பதாரி முந்தல் காரியாலயத்துக்கு நேர்ல வரணும். வீட்டுத் தலைவர் ஆரு?”

“வாப்பா. மௌத்தாகிட்டார். இப்ப உம்மாதான். உம்மா இத்தால இரிக்கிறா, வெளிய வர ஏலா.”

மறுமுனை யாரையோ கூப்பிட்டது. பின்னணியில் ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்டது. பிறகு, வேறொரு குரல், பெரிய குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது.

“நான் கரையோரப் பிராந்திய ஒருங்கிணைப்பாளர் முஹ்ஸின். உம்மாவ ஒரு அடியும் எடுத்து வைக்க வேணாம் எண்டு செல்லுங்க. அதிகாரசபையே வீட்டுக்கு வரும்.”

ஸும்ரா ஃபோனை வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தாள். அது நல்ல செய்தி என்று இருவரும் நினைத்தார்கள்.

*

அதிகாரசபை ஒரு டபள் கெப் வண்டியில் வந்தது.

முதலில் ஒரு பதாகை இறங்கியது. ‘ஒரு வீடு, ஒரு வலை, ஒரு மனது.’ அதைத் தொடர்ந்து முஹ்ஸின் இறங்கினார். கடைசியில், சிலாபத்துக்காரியான தொழில்நுட்ப அலுவலர் நிலானி ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். பதாகையைக் கட்ட இடமில்லாமல் கில்பட்டைக் கூப்பிட்டார்கள். அவன் வாளிகளை வைத்துவிட்டு வந்து, ஒரு நுனியைக் கறிமுருங்கையிலும் மறு நுனியைத் தன் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மண்டபத்துக்கும் முனவ்வராவின் அறைக்கும் நடுவே ஒரு வெள்ளைத் திரை; புருஷன் மௌத்தானவள் இத்தா முடியும்வரை, நாலு மாதமும் பத்து நாளும், அந்நிய ஆண்கள் முன்னால் வருவதில்லை. முஹ்ஸின் திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில் அமர்ந்தார்.

“சகோதரி, முதல்ல அதிகாரசபையின் ஆழ்ந்த அனுதாபங்கள். அதோட வாழ்த்துக்கள்.”

திரைக்குப் பின்னால் முனவ்வரா, “என்னத்துக்கு வாழ்த்து?” என்று கேட்டாள்.

“உங்கட வீட்டுல ரெண்டு கணினி ஒண்டையொண்டு பாக்குதில்ல எண்டா, அது எங்கட சபையின் வெற்றி சகோதரி. இந்தக் கரையோரம் முழுக்க, ஒரு வீட்டுலயாச்சும் ஒரு கணினி இன்னொண்டப் பாத்துட்டு எண்டு இண்டைக்கு வரைக்கும் ஒரு முறைப்பாடு வரல்ல. அவ்வளவு கட்டுப்பாடா வெச்சிரிக்கம்.”

“அப்ப நீங்க சேத்து வைக்க வரல்லயா?” என்றாள் ஸும்ரா.

“சேத்து வைக்கத்தான் வந்தம். முறைப்படி. முறையில்லாம ஒரு கோப்பு அங்கிருந்து இங்க போயிட்டா, நாளைக்கு ஊர்ல எல்லாரும் தாங்களாவே போட்டுக்கொள்ளுவாங்க. பொறகு நாங்க எதுக்கு மகள்? நாலு மாடியில தலைமைக் காரியாலயம் எதுக்கு? யோசிச்சுப் பாருங்க.”

ஸும்ரா யோசித்துப் பார்த்தாள். நாலு மாடி எதற்கென்று அவளுக்கும் பிடிபடவில்லை.

நிலானி பெண் என்பதால் திரையைத் தாண்டி உள்ளே வந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தாள். முனவ்வராவைப் பார்த்துத் தலையைக் குனிந்துவிட்டு, லெப்டொப்பில் ஏதோ கறுப்புத் திரையைத் திறந்தாள்.

“என்ன செய்றீங்க மகள்?” என்றாள் முனவ்வரா.

“குரல் குடுத்துப் பாக்கிறன் அம்மா. இங்க இருந்து அதக் கூப்பிடுறது. அது இருந்தா பதில் குடுக்கும்.”

“குடுத்திச்சா?”

“நாலு தரம் கூப்பிட்டன். ஒண்டுக்கும் பதில் இல்ல.”

முனவ்வராவுக்கு அது புதினமாகப் படவில்லை. அவளும் கூப்பிட்டுப் பார்த்தவள்தான்.

“சேர்!” என்று நிலானி திரைக்கு வெளியே குரல் கொடுத்தாள். “பூட்டு எங்கட ரௌட்டர்லதான். தொறந்தா சரி. ஒரு செக்கன் வேலை.”

“பொறுங்க நிலானி.” முஹ்ஸின் எழுந்துவிட்டார். ஏதோ கண்டுபிடித்துவிட்டவரின் குரல் அது. “அந்தப் பழைய கணினி எந்த அறைல இரிக்கி?”

“உம்மாட அறைல” என்றாள் ஸும்ரா.

“இத்தா தொடங்கின நாள்ல இருந்து அங்கதானா?”

“அதுக்கு முந்தியும் அங்கதான்.”

“வெளிய எடுத்தீங்களா?”

“இல்ல. ஏன்?”

முஹ்ஸின் மெதுவாக உட்கார்ந்தார். “அப்ப அது சாதாரணக் கணினி இல்ல. மரணித்தவர்ட கணினி. இத்தா அறையை விட்டு வெளிய வரல்ல. பொறத்தியார்ட கண்ணுல படல்ல. இந்த நிலையில அதை இன்னொரு கணினிக்குக் காட்ட நான் ஆரு?”

“அந்த இன்னொரு கணினி என்ட லெப்டொப்” என்றாள் ஸும்ரா. “நான் அவர்ட மகள்.”

“நீங்க மகள், சரி. லெப்டொப் உங்கட சொந்தமா?”

ஸும்ரா தயங்கினாள். “வேலைக்கு கொழும்புக் கம்பனி தந்தது.”

“பாத்தீங்களா? அந்நியம்.”

வெளியே பதாகையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற கில்பட், கை மாற்றிப் பிடித்தான்.

“தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்டுமில்ல சகோதரி” என்றார் முஹ்ஸின். “ஆனா மார்க்க உணர்வ மதிக்காத சபை எண்டு நாளைக்கு ஆரும் விரல் நீட்டக்கூடாது. பள்ளிவாசல்ல இருந்து ஒரு கடிதம் எடுங்க. அந்தக் கணினிக்கு இத்தா இல்ல எண்டு.”

*

பள்ளிவாசல் இமாமான ஹஸரத், முனவ்வராவின் வீட்டு வெறாந்தாவில் உட்கார்ந்து விஷயத்தை முழுவதும் கேட்டார். முதலில் சிரித்தார். ஸும்ரா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

“மெய்யாவா கேக்கிறானுகள்?”

“ஓம் ஹஸரத்.”

“மகள், இத்தா பொம்பளைக்கு. பெட்டிக்கு இல்ல. இத நான் கடிதத்துல வேற எழுதணுமா? எழுதினா நாளைக்கு ஃபேனுக்குக் கேப்பானுகள். ஃப்ரிஜ்ஜுக்குக் கேப்பானுகள். லத்தீபுட மோட்டர்சைக்கிள் ரோட்டுல போகலாமா எண்டு கேப்பானுகள்.”

“எழுதல்லாட்டி மெளகாச் செடி செத்துரும் ஹஸரத்.”

ஹஸரத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கில்பட் வாளியோடு போனான். வாளியோடு வந்தான். ஹஸரத் பேனாவைக் கேட்டார். ‘மேற்படி கணினி எக்காலத்திலும் திருமண பந்தத்தில் இருக்கவில்லை என்பதால் அதற்கு இத்தா கடமையில்லை’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார். வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

அதிகாரசபை கடிதத்தை ஏற்றுக்கொண்டது. ஹஸரத்துக்கு நன்றி தெரிவித்து, ‘சாதனங்களுக்கான மார்க்க ஆலோசகர்’ என்ற கௌரவப் பதவியையும் அனுப்பிவைத்தது. அவர் அதைப் பற்றி யாரிடமும் கதைக்கவில்லை.

*

பூட்டைத் திறக்க டபள் கெப் மறுபடி வந்தது. பதாகை கட்டப்பட்டது. கில்பட் நுனியைப் பிடித்தான். முஹ்ஸின் திரைக்கு வெளியே நின்று பிஸ்மில்லாஹ் சொன்னார். நிலானி ஒரு விசையைத் தட்டினாள்.

லெப்டொப் திரையில், அதுவரை வெறிச்சோடிக் கிடந்த இடத்தில், சின்னதாக ஒரு கணினிப் படம் எழும்பியது. அதன் கீழே ஒரு பெயர்.

லத்தீப்.

“உம்மா, வந்துட்டு” என்றாள் ஸும்ரா.

முனவ்வரா பார்த்தாள். ஓம், வந்துவிட்டார். தகவல் பெட்டிகளுக்கும் பிரிண்டர் படத்துக்கும் நடுவில், சின்ன எழுத்தில். அவள் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. மௌத் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த முகத்தில் எதுவும் நடப்பதில்லை. வருகிறவர்கள் அழுதார்கள், அவள் பாய் எடுத்துப் போட்டாள். போகிறவர்கள் அழுதார்கள், அவள் பாயைச் சுருட்டினாள்.

ஸும்ரா அந்தப் பெயரைத் திறந்தாள். ஃபோல்டர் தெரிந்தது. உள்ளே போகப் பார்த்தாள்.

‘அனுமதி மறுக்கப்பட்டது. உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்.’

“வேற கணினில இருந்து எடுக்க அவர்ட கடவுச்சொல் வேணும்” என்றாள் நிலானி மெல்லிய குரலில். “தெரியுமா அம்மா?”

“தெரியா. ஆரும் கேக்கல்ல, அவர் செல்லல்ல.”

நிலானி கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, முனவ்வராவின் காதருகே குனிந்தாள். “அனே அம்மா, சபைத் திறப்பு, மாஸ்டர் கீ, என்கிட்ட இருக்கு. எந்தக் கடவுச்சொல்லும் இல்லாம முழுசா எடுத்துக் குடுக்க ஏலும். ஆனா நான் தட்டுறது எல்லாம் அங்க காரியாலயத்துலயும் தெரியும். போன மாசம் கற்பிட்டியில ஒருத்தர் குடுத்தார். இப்ப அவருக்கு வேலை இல்ல.”

“வேணாம் மகள்” என்றாள் முனவ்வரா. “ஒங்கட சோத்துல மண்ணப் போட்டு எனக்கு என்னத்துக்கு?”

திரைக்கு வெளியே முஹ்ஸின் ஏற்கனவே தீர்வைக் கண்டுவிட்டிருந்தார். “உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும் எண்டா, தொடர்புகொள்ள வேண்டியதுதான். எங்கட பக்கம் பிழை வரக்கூடாது.”

அடுத்த வாரம் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். பெறுநர், ஜனாப் லத்தீப். கையொப்பம் வேண்டும் என்றார். கில்பட், “அவர் மையவாடில மண்ணுக்குள்ள இருக்கார், அங்க போய் வாங்குங்க” என்றான். தபால்காரர் லத்தீபின் ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர். தானே கையொப்பம் வைத்துவிட்டுப் போனார்.

கோப்பைப் பகிர்வதில் தங்களுக்கு ஆட்சேபனை உண்டா என்று சபை லத்தீபிடம் கேட்டிருந்தது. இருந்தால் நேரில் வந்து தெரிவிக்கலாம். வராவிட்டால், வராத காரணத்தை நேரில் வந்து தெரிவிக்கலாம்.

முனவ்வராவே சபைக்கு ஃபோன் எடுத்தாள். “கடிதம் வந்திச்சு. அவருக்கு வர ஏலா.”

“காரணம்?”

“மௌத்.”

“இத ஏன் முன்கூட்டியே அறிவிக்கல்ல?” என்றது மறுமுனை.

முனவ்வரா யோசித்தாள். “எங்களுக்கும் முன்கூட்டித் தெரியா” என்றாள்.

*

மிளகாய்த் தோட்டத்தின் தெற்குப் பக்கப் பாத்திகள் முழுதாகக் கருகிவிட்டன. கில்பட் மிச்சப் பாத்திகளுக்கு மட்டும் தண்ணீர் சுமந்தான். “அக்கா, என்ட கை இரண்டுதான். செடி அவ்வளவும் ஒரே நேரத்துல தண்ணி கேக்குது” என்று சமையலறைச் சன்னலுக்கு வெளியே நின்று சொன்னான். “லத்தீப் நானா அந்தப் பம்புக்குள்ள கைய விட்டு என்னதான் செய்தாரோ. அந்த ஒரு கதை தெரிஞ்சா காணும்.”

அந்த ஒரு கதை எந்த இடத்தில் வருகிறது என்று முனவ்வராவுக்குத் தெரியும். சத்தமில்லாத படத்தை அவள் பார்த்த பார்வைக்கு, அது அவளுக்கு ஓதிப் பழகிய சூறா மாதிரி ஆகிவிட்டிருந்தது. மூன்றாம் நிமிடத்தில் லத்தீப் பம்பின் மூடிக்குக் கீழே கையை விடுகிறார். கை மறைந்துவிடுகிறது. பெருவிரலால் எதையோ அமுக்கிக்கொண்டே விடாமல் கதைக்கிறார். பிறகு கயிற்றை இழுக்கிறார்.

இன்னொரு இடமும் இருந்தது. ஆறாம் நிமிடம். லத்தீப் நிமிர்ந்து, நேரே பார்க்கிறார். ஃபோனை அல்ல, அதற்கு மேலே, பிடித்துக்கொண்டு நிற்கிறவளை. ஏதோ சொல்கிறார். சொல்லிவிட்டு, கடைவாய்ப் பல் விழுந்த இடம் தெரியச் சிரிக்கிறார். பிறகு இன்னும் என்னவோ சொல்கிறார்.

அவள் அதைக் கேட்டிருக்க வேண்டும். எதிரேதான் நின்றாள். பதில்கூடச் சொல்லியிருப்பாள். ஒன்றும் ஞாபகம் இல்லை. சோறு குழைந்ததுதான் ஞாபகம் இருந்தது.

*

மூன்றாவது தடவை முஹ்ஸின் வந்தபோது அவர் முகத்தில் ஒரு தேஜஸ் இருந்தது. கையில் கல்குலேட்டர்.

“சகோதரி, ராவெல்லாம் நித்திரை இல்ல. ஆனா வழி கெடச்சிட்டு. உரிமையாளர் மௌத்து. அப்ப கோப்பு அவர் விட்டுப் போன சொத்து. சொத்தெண்டா மீராஸ். மீராஸ் எண்டா அல்லாஹ் வகுத்த பங்கு. நானோ தலைமைக் காரியாலயமோ அதுல கை வைக்க ஏலா. சரிதானே?”

“சரி” என்றாள் முனவ்வரா. பங்கு தப்பு என்று யார் சொல்வது?

“பிள்ளைகள் இரிக்கிற எடத்துல மனைவிக்கு எட்டில் ஒண்டு. படம் எட்டு நிமிஷம்.” அவர் கல்குலேட்டரைத் தட்டினார். தட்டிய விடையைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது. “உங்களுக்கு ஒரு நிமிஷம் சகோதரி. மீதமே இல்லாமப் பிரியுது. சுப்ஹானல்லாஹ், இப்படி ஒரு கணக்கு என்ட சேவைக் காலத்துல வந்ததில்ல!”

ஸும்ரா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். “என்ன பேச்சு இது? வீடு பிரிக்கலாம், காணி பிரிக்கலாம். ஒராள் பேசினதப் பிரிக்கலாமா? கோப்ப எத்தனை பேருக்கும் முழுசா குடுக்கலாம். குடுத்தாக் கொறையாது.”

முஹ்ஸின் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “மகள், கொறையாத சாமானப் பங்கு வைக்கிறதுக்குத்தான் அதிகாரசபை வேணும். கொறையிற சாமான் எண்டா நீங்களே பிரிச்சிக்கொள்ளுவீங்களே?”

“அப்ப என்ட பங்க எனக்குத் தாங்க. எனக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல வரும்.”

“வரும். ஆனா நீங்க கலியாணம் முடிக்காத பிள்ளை. வலியுட, பொறுப்பான ஆம்பளையுட, கையொப்பம் வேணும். வாப்பா இல்ல. கூடப் பொறந்த நானா இரிக்கா?”

“நௌஃபர் நானா கட்டார்ல.”

“அவர் வரட்டும். அவர்ட பங்கையும் அப்பவே வாங்கிக்கொள்ளலாம். நேர்ல.”

“அவருக்கு அடுத்த நோன்புக்குத்தான் லீவு!”

“கோப்பு எங்கயும் போகாது” என்றார் முஹ்ஸின்.

ஸும்ரா உள்ளே வந்து உம்மாவின் பக்கத்தில் அமர்ந்தாள். “சரி உம்மா. ஒரு நிமிஷம் போதும். அந்த மூணாம் நிமிஷத்தக் கேளுங்க. வாப்பா கைய உள்ளுக்கு விடுற எடம். அது காணும். பம்ப் ஸ்டார்ட் ஆயிடும். மத்ததெல்லாம் நானா வந்த பொறகு பாக்கலாம்.”

“ஓம்” என்றாள் முனவ்வரா.

“எந்த நிமிஷம் சகோதரி?” என்று திரைக்கு வெளியே இருந்து முஹ்ஸின் கேட்டார். “நல்லா யோசிச்சுச் செல்லுங்க. தெரிவ மாத்த ஏலா.”

நிலானி விசைப்பலகையில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சன்னலுக்கு வெளியே கில்பட் வாளியைக் கிணற்றில் இறக்கும் சத்தம் கேட்டது. பழைய கணினியின் திரையில் லத்தீப் சத்தமில்லாமல் கையை ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறாவது” என்றாள் முனவ்வரா.

ஸும்ரா திரும்பினாள். “உம்மா?”

“ஆறாவது நிமிஷம்.”

நிலானி தட்டினாள். லெப்டொப்பில் ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து, நிறைந்து, மறைந்தது. கோப்பு தாண்டிவிட்டது. அதே நேரம் பழைய கணினிக்குள் எங்கேயோ ‘டிக்’ என்று ஒரு சத்தம். பிறகு கருகிய வாசம். திரை கறுத்தது. நிலானி பட்டனை அமுக்கினாள். மீண்டும் அமுக்கினாள். பின்னால் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முனவ்வராவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“சேர், இது முடிஞ்சிது.”

“பகிர்வு நடந்துட்டா?”

“ஒரு நிமிஷம் வந்துட்டு. மத்தது...”

“அப்ப எங்கட பொறுப்பு முடிஞ்சுது. மற்ற வாரிசுகள் பிறகு வந்தா, அவங்கட பங்கு அந்தப் பெட்டிக்குள்ளதான் இரிக்கி. ஸ்டிக்கர உடைக்காமப் பாத்துக்கொள்ளுங்க.” முஹ்ஸின் எழுந்து சட்டையை இழுத்துச் சரிசெய்தார். “இந்த மாவட்டத்துல முறைப்படி முதல் பகிர்வு! நிலானி, ஃபோட்டோ! கில்பட், அந்த நுனிய விடாதீங்க!”

கில்பட் பதாகையைப் பிடித்திருக்கவில்லை. பதாகை கறிமுருங்கையில் ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் பாத்தியில் இருந்தான்.

ஸும்ரா சத்தத்தைக் கூட்டினாள். லெப்டொப்பால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு. கோப்பைத் திறந்தாள்.

டக டக டக டக டகவென்று பம்ப் ஓடியது.

மண்ணெண்ணெய்ப் பம்பின் இரைச்சல் அறையை நிரப்பி, திரையை அசைத்து, மண்டபத்தைத் தாண்டி, சன்னல் வழியாக வெளியே கொட்டியது. மூன்றாம் நிமிடத்தில் கயிறு இழுத்தாகிவிட்டதே. ஆறாம் நிமிடத்தில் பம்ப் ஓடாமல் என்ன செய்யும்? லத்தீபுக்குப் பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளை வெளேரென்று பாய்ந்துகொண்டிருந்தது. லத்தீப் நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். டக டக டக டக. சிரித்தார். டக டக டக. இன்னும் என்னவோ சொன்னார்.

ஸும்ரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன தெளிவு! என்ன தெளிவு!” என்று மண்டபத்தில் முஹ்ஸின் கை தட்டினார். “சகோதரி, சத்தம் கெடச்சிட்டு எண்டு ஒரு வார்த்தை செல்லிருங்க, பதிஞ்சிக்கொள்ளுறன்.”

“கெடச்சிட்டு” என்றாள் முனவ்வரா.

தோட்டத்தில் வாளி ஒன்று தூக்கி எறியப்பட்ட சத்தம் கேட்டது. “அக்கா! ஸ்டார்ட் ஆயிட்டா? அக்கா!” என்று கத்திக்கொண்டே கில்பட் பாத்திகளுக்கு நடுவால் ஓடினான். மண்ணில் சுருண்டு கிடந்த நீளக் குழாயின் நுனியைத் தூக்கினான். உதறி நேராக்கினான்.

ஸும்ரா எழும்பப் போனாள். முனவ்வரா அவள் கையைப் பிடித்து இருத்தினாள்.

“இரி. முடியட்டும்.”

நிமிடம் முடிந்தது. அறை திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. முனவ்வரா தானே கையை நீட்டி, ஸும்ரா தட்டியதைப் பார்த்துவைத்திருந்த அதே விசையைத் தட்டினாள். பம்ப் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு லத்தீபின் உதடுகளைப் பார்த்தாள்.

சன்னலுக்கு வெளியே, குழாயின் வாயை மிளகாய்க் கன்றின் அடியில் பிடித்தபடி, கில்பட் தண்ணீருக்காகக் குனிந்து நின்றான்.